மஞ்சள் மை இல்லாத போன்

தம்பி, ஒரு நிமிஷம் இப்படித் திரும்புங்க. உங்க சட்டை என்ன கலரு?

வெள்ளையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சந்தனம் இல்லையே? கடையில வெள்ளைன்னு சொல்லித்தான குடுத்தான்? சரி சரி, கோவிச்சுக்கிறாதீங்க, காரணம் இருக்கு. இந்தா, இந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒரு செகண்டு தூக்கிக்கிறேன். இடது கண்ணால பாத்தா உங்க சட்டை சந்தனம். வலது கண்ணால பாத்தா வெள்ளை. சும்மா வெள்ளை இல்ல, டியூப்லைட்டு வெள்ளை. ஒரே சட்டை, ரெண்டு கலரு. முந்தாநாள் இங்க மதுரையில வலது கண்ணுல ஆப்பரேசன் பண்ணுனாக. புரைன்னாக. பண்ணும்போதே நெனச்சேன். அச்சு மெசினுல மஞ்ச மை பிளேட்டைக் கழட்டுற மாதிரி கழட்டிட்டாக தம்பி. மூணு பிளேட்டோடதான் ஓடுது இந்தக் கண்ணு.

கண்ணாடியைப் போட்டுக்கிறேன். கழட்டக் கூடாதுன்னு உத்தரவு. கூட வந்த ஆளு சொட்டு மருந்து வாங்கப் போயிருக்கு, பாத்தா சத்தம் போடும். பஸ்ஸு எடுக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும், டிரைவர் இப்பத்தான் சாப்பிடப் போறாரு. நீங்களும் சிவகாசிதானா? விருதுநகரா? அப்ப சரி, நம்ம பக்கம்தான். உங்ககிட்டச் சொல்லலாம். எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும் தம்பி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எம்மகளுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். மாப்பிள்ளை பாஸா, இல்லையா. நான் சரின்னா தையில கல்யாணம். இல்லேன்னா இல்ல. ரெண்டு வீடு என் வாயப் பாத்துக்கிட்டு இருக்கு.

சிவகாசியில கலர் சங்கரபாண்டின்னு கேட்டுப் பாருங்க. முப்பத்தோரு வருஷமா ஒரே பிரஸ்ஸு. காலண்டருக்கு எத்தனை மைங்கிறீங்க? நாலே மை. நீலம், ரோஸ், மஞ்ச, கறுப்பு. அதுலயிருந்துதான் முருகனும் வரணும், முருகன் மயிலும் வரணும், மயிலுக்குப் பின்னால இருக்கிற மலையும் வரணும். மெசினு ஓடுறதுக்கு முன்னாடி ஒரு தாள் அடிச்சுக் குடுப்பாக, புரூஃபுன்னு. அதை நான் வாசலுக்குக் கொண்டுபோயி, வடக்குப் பாத்த வெளிச்சத்துல பிடிச்சு, லென்ஸை வச்சு ஒவ்வொரு புள்ளியாப் பாப்பேன். ரோஸைக் குறைங்கம்பேன், மஞ்சளைக் கொஞ்சம் தூக்குங்கம்பேன். எல்லாம் சரியா இருந்தா ஓரத்துல ஓகேன்னு எழுதி, கீழ எஸ்.பி.ன்னு போடுவேன். அந்த எழுத்து விழுந்தாத்தான் மெசினு ஓடும். மொதலாளியே வந்து நின்னாலும் அதுக்கு முன்னாடி ஓடாது. சாமிக்கே நான் ஓகே போட்டாத்தான் முகம். கர்வமாச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்.

அதனால மொதல்ல வந்த செல்போனெல்லாம் நான் கையாலயே தொடல. பச்சை வெளிச்சத்துல கறுப்பு எழுத்து. அது என்ன, ஒத்தக் கலர் வேலை. பில்புக்கு, நோட்டீசு, பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கிற கார்டு. அதையா நான் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரியணும்? கலர்ல வரட்டும் வாங்குறேன்னு சொல்லிட்டேன். வந்துச்சு. வந்தது பூரா பெரிய பெரிய வீட்டுக்குப் போச்சு. இந்த வருஷம் ஆடியிலதான் நம்ம கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணு வந்துச்சு. காமிரா கிடையாது, பாட்டு கிடையாது. கலரு மட்டும் உண்டு. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு.

கடைக்காரப் பையன், "அறுபத்தஞ்சாயிரம் கலரு அண்ணாச்சி"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நாலு மையை வச்சுக்கிட்டு நான் படாத பாடு படுறேன், இவன் அறுபத்தஞ்சாயிரம்ங்கிறான். "ஒவ்வொண்ணாக் காட்டு"ன்னேன். சிரிச்சான். சிரிக்கிற பேச்சா அது? வாங்குற பொருளை எண்ணி வாங்கணும்ல. நான் லென்ஸை எடுத்து அந்தக் கண்ணாடி மேல வச்சுப் பாத்தேன். பாத்தா செகப்புக் கோடு, பச்சைக் கோடு, நீலக் கோடு. மறுபடியும் செகப்பு, பச்சை, நீலம். மூலைக்கு மூலை தேடிட்டேன் தம்பி. மஞ்ச இல்ல. ஒரு பொட்டு மஞ்ச இல்ல.

"ஏம்ப்பா, இதுல மஞ்சளே இல்லையே"ன்னேன்.

"மஞ்ச வேணும்னா பவுச்சு மஞ்சள்ல இருக்கு அண்ணாச்சி, தரட்டுமா?"ன்னான்.

அவனுக்கு என்ன தெரியும். நான் மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன். இந்த மெசினுல மஞ்ச கிடையாது. நீங்களும் இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வேணும்.

வீட்டுக்கு வந்து எம்மக சுபாஷினிகிட்டச் சொன்னேன். அவ கம்ப்யூட்டர் படிச்சிட்டு, ஒரு இடத்துல கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுது. "அப்பா, இது மை இல்லப்பா, வெளிச்சம். வெளிச்சத்துல செகப்பும் பச்சையும் சேந்தா மஞ்ச வந்துரும்"னு சொல்லுச்சு. நான் சிரிச்சிட்டேன். செகப்பு மையும் பச்சை மையும் சேந்தா என்ன வரும்னு எனக்கா தெரியாது? சகதி வரும். முப்பத்தோரு வருஷமா கையைக் கழுவிக்கிட்டு இருக்கேன். பெத்த புள்ளையாச்சேன்னு அதுக்கு மேல பேசல.

போனு நல்ல போனுதான். குறை சொல்லக் கூடாது. ரெண்டே குறை. ஒண்ணு, பதினஞ்சு செகண்டுல வெளிச்சம் அணைஞ்சு போகும், பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு, வெயில்ல கொண்டுபோனா ஒண்ணும் தெரியாது. எனக்கு வெயில் வெளிச்சத்துல பாத்தாத்தான் கலரு. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். வாசல்ல வடக்குப் பாத்து நின்னு, தலையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள வச்சுப் பாக்குறது. தெருவுல போறவுக, "அண்ணாச்சி, வாசல்ல நின்னு ஆவி பிடிக்கிறீக, சளியா?"ன்னு கேப்பாக. ஆமான்னு சொல்லிருவேன். விளக்கம் சொன்னா புரிஞ்சுக்கிற ஆளா அதெல்லாம்.

இப்ப ஒண்ணு சொல்றேன். அதே ஆடியில இருந்துதான் ஊர்ல எல்லாப் பொருளும் கெட்டுப்போக ஆரம்பிச்சுது. பேப்பர் மில்லுக்காரன் மஞ்சப் பூத்த பேப்பரை அனுப்ப ஆரம்பிச்சான். லாரியோட திருப்பி அனுப்பச் சொன்னேன். மொதலாளி தாளைத் தூக்கிப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. வீட்ல எம்பொண்டாட்டி செண்பகம் வேட்டியை வெளுக்க மாட்டேங்குறா. "ஏம்மா, சொட்டு நீலம் போட்டியா இல்லையா, வேட்டி பழுப்பா கெடக்கு"ம்பேன். "போட்டேங்க"ம்பா. "இன்னும் ஊத்து"ம்பேன். ஊத்துவா. "இன்னும் ஊத்து." மூணு மாசமா பாட்டில் பாட்டிலா ஊத்தித்தான் வேட்டி ஏதோ வெள்ளையா நிக்குது. இன்னைக்குக் கட்டியிருக்கேன் பாருங்க, இதும் அவ வெளுத்ததுதான்.

ஏன் சிரிக்கிறீங்க? இல்லையா? சரி.

பிரஸ்ஸுலயும் அதே கதை. ஒரு நெல்லு மண்டிக்காரரு இருபதாயிரம் காலண்டர் கேட்டிருந்தாரு. மகாலட்சுமி. புரூஃப் வந்துச்சு, பாத்தேன், முகம் பூரா மஞ்ச ஏறிக் கெடக்கு. குறைன்னேன். மெசின்காரன் முழிச்சான். இன்னும் குறைன்னேன். "அண்ணாச்சி, இதுக்கு மேல குறைச்சா மஞ்ச மையே ஊத்த வேண்டியதில்ல"ன்னான். எனக்கு வந்த கோவத்துல, ஊத்தாதன்னேன். ஓகே போட்டு எஸ்.பி. போட்டுக் குடுத்துட்டேன். இருபதாயிரமும் ஓடிருச்சு. மண்டிக்காரரு வந்து பாத்துட்டு, "இது மகாலட்சுமியா, காளியாத்தாவா"ன்னு கேட்டாரு. சீசன் நேரம், திருப்பி அடிக்க மெசினு கிடையாது. மொதலாளி சிரிச்ச முகமா, "சாந்த சொரூபம் அண்ணாச்சி, இந்த வருஷம் எல்லாரும் இப்படித்தான் கேக்குறாக"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. மறுநாள் என்னைய பில்புக் செக்சனுக்கு மாத்திட்டாரு. ஒத்தக் கலரு தம்பி. முப்பத்தோரு வருஷம் கழிச்சு ஒத்தக் கலரு. அந்த நெல்லு மண்டிக்காரரு கண்ணை எவனாவது சோதிச்சானா? இல்ல. என்னையத்தான் மாத்துனாக.

இந்த வயித்தெரிச்சல்ல இருக்கும்போதுதான் வரன் வந்துச்சு. தூத்துக்குடிப் பையன், வெயிலுமுத்துன்னு பேரு. கப்பல்ல வர்ற சாமானுக்குக் கணக்குப் பாக்குற கம்பெனியில வேலை. நல்ல குடும்பம். தரகரு இப்பல்லாம் போட்டோவைப் பையில தூக்கிட்டு வர்றதில்ல, போனுக்கே அனுப்பி வச்சிருறாரு. நம்ம கலர் போனுக்கு வந்துச்சு. தபால்தலை சைசுல ஒரு முகம். செண்பகம் பாத்தா, "லட்சணமா இருக்கான்"னா. சுபாஷினி பாத்துச்சு, போனைத் திருப்பித் தர நேரமாச்சு. நான் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு வாசலுக்குப் போனேன்.

தம்பி, பட்டனைத் தட்டித் தட்டிப் பாத்தேன். பையன் முகம் மஞ்ச. கண்ணுல வெள்ளை முழியும் மஞ்ச. லென்ஸை வச்சுப் பாத்தேன், செகப்பு, பச்சை, நீலக் கோடுதான். லென்ஸை எடுத்தேன், மஞ்ச. இப்ப ஞாபகம் இருக்கா நான் சொன்னது? இந்த மெசினுல மஞ்சளே கிடையாது. மெசினுல இல்லாத மஞ்ச படத்துல தெரியுதுன்னா, அந்த மஞ்ச எங்கயிருந்து வருது? நீங்களே சொல்லுங்க. பையன்கிட்டயிருந்துதான வரணும். காமாலை. முத்துன காமாலை.

இதை நான் பதறிக்கிட்டு வெளிய சொல்லல. நாளைக்குச் சம்மந்தி ஆகப் போறவுக, மனசு நோகக் கூடாதுல்ல. அவுக அப்பாவுக்குப் போன் போட்டு, "பையன் எண்ணெய்ப் பலகாரம் ரொம்பச் சாப்பிடுவாரோ?"ன்னு நாசூக்காக் கேட்டேன். "நல்லாச் சாப்பிடுவான் அண்ணாச்சி"ன்னு பெருமையாச் சொன்னாரு. பாவம், பெத்தவுகளுக்கே தெரியல. நான் என்ன செஞ்சேன், ஒரு பை நிறைய கீழாநெல்லியைப் பறிச்சு, தூத்துக்குடி பஸ் கண்டக்டர் கையில குடுத்து அனுப்பிட்டேன். மோர்ல அரைச்சு மூணு நாளு வெறும் வயித்துல குடிக்கணும், உப்பு சேக்கக் கூடாதுன்னு ஒரு துண்டுச் சீட்டு. கீழ எஸ்.பி.ன்னு போட்டேன்.

மறுநாள் பையனோட அம்மா செண்பகத்துக்குப் போன் போட்டாக. "மதினி, இது உங்க பக்கத்து வழக்கமா? எங்க பக்கம் பூவும் பழமும்தான் அனுப்புவாக. தெரியாமக் கேக்கேன், கோவிச்சுக்கிறாதீங்க"ன்னு கேட்டாக. செண்பகம் என்னைய ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு, "ஆமா மதினி, வழக்கம்தான்"னுட்டா. எதுக்கு அப்படிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. அந்தம்மா விடல. "அப்ப பொண்ணும் குடிக்கணுமா?"ன்னு கேட்டாக. இவ என்ன சொல்லுவா? "ஆமா, ரெண்டு பேரும்தான்"னுட்டா.

அப்புறம் என்ன, தூத்துக்குடியில அந்தப் பையனும் சிவகாசியில எம்மகளும் மூணு நாளு காலையில மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாக. உப்பில்லாச் சோறு சாப்பிட்டாக. எனக்கு அதுல ஒண்ணு உறுதியாயிருச்சு. நோய் இல்லாதவன் மருந்தை எதுக்குக் குடிக்கணும்? குடிச்சான்ல. அப்ப இருக்குன்னுதான அர்த்தம்.

இதுல இன்னொரு தொல்லை. அந்த மூணு நாளும் போன்ல சார்ஜே நிக்கல. காலையில போட்டா மத்தியானம் படுத்துருது. சுபாஷினி மாடியில துணி காயப்போடப் போகும், போனு அதுகிட்டத்தான் இருக்கும், இறங்கி வரும்போது சுட்டுப்போய் இருக்கும். பாட்டரி கோளாறுன்னு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் அமுக்கிப் பாத்துட்டு, "பாட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, தூத்துக்குடிக்கு நெறையாப் பேசியிருக்கீக"ன்னான். நான் எங்க பேசுனேன்? ஒரு தடவை பலகாரத்தைப் பத்திக் கேட்டேன், அவ்வளவுதான். மெசினுன்னா ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன்.

கார்த்திகையில பொண்ணு பாக்க வந்தாக. பையன், அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. பையன் போட்டோவுல இருந்ததுக்குப் பாதியா இருந்தான். பத்தியம் இருந்த உடம்பு. வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நல்ல பையன்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நல்ல டிசைனுங்கிறதுக்காகப் புரூஃப் பாக்காம விட முடியுமா? காப்பி குடிச்சு முடிச்சதும், "தம்பி, கொஞ்சம் வாசலுக்கு வாங்க"ன்னேன். வந்தான். வடக்குப் பாத்து நிறுத்துனேன். தாளோட ஓரத்துல நாலு மையும் வரிசையா அச்சாகியிருக்குமே, அந்தக் கலர் பட்டையில ஒரு துண்டு வெட்டி வச்சிருந்தேன். அதை எடுத்துக் கன்னத்துல ஒட்டுனாப்ல பிடிச்சுப் பாத்தேன். அசையாம நின்னான். பெருவிரலால கண்ணுக்குக் கீழ இழுத்து, லென்ஸை வச்சுப் பாத்தேன். அப்பவும் அசையல.

உள்ள இருந்து அந்தச் சித்தப்பா, "தங்கச்சி, இதும் வழக்கமா?"ன்னு கேக்குறது காதுல விழுந்துச்சு. செண்பகம், "ஆமாண்ணே"ன்னா. குரலு அழுற மாதிரி இருந்துச்சு.

நான் உள்ள வந்து, எல்லாரும் உக்காந்திருக்காக, பிரஸ்ஸுல சொல்ற மாதிரியே சொல்லிட்டேன். "இந்த ஜாப் பாஸ் இல்ல. மஞ்ச அதிகம்."

பையனோட அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. அந்தம்மா கண்ணைத் துடைச்சாக. எம்மக உள் ரூமுல இருந்து நேரா வந்து எம்முன்னால நின்னுச்சு. பட்டுச்சேலை, பூவு, எல்லாத்தோடயும்.

"அப்பா, என்னையப் பாருங்க. நான் என்ன கலர்ல இருக்கேன்?"

"நீயும் மஞ்சளாத்தான் இருக்க. மஞ்ச பூசிக் குளிச்சிருப்ப"ன்னேன்.

"நான் மஞ்ச பூசி மூணு வருஷம் ஆச்சுப்பா"ன்னுச்சு.

அப்பத்தான் அந்தப் பையன் வாயைத் திறந்தான். மெதுவாத்தான் கேட்டான், மரியாதையாத்தான் கேட்டான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வேட்டி ஏன் நீலமா இருக்கு?"

நான், "வெள்ளை வேட்டி தம்பி"ன்னேன். சுத்திப் பாத்தேன். ஒருத்தரும் வெள்ளைன்னு சொல்லல. செண்பகமும் சொல்லல. வீடே ஒண்ணு சேந்துக்கிச்சு தம்பி எனக்கு எதிரா. பையனோட அப்பா தோள்ல போட்ட துண்டை எடுத்துட்டு மறுபடியும் உக்காந்தாரு. "அண்ணாச்சி, எனக்கும் போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சு. மதுரைக்குப் போயி கண்ணை அறுத்துட்டு வந்தேன்"னாரு. பையன் சொன்னான், "மாமா கண்ணைக் காட்டிட்டு வந்து பாக்கட்டும். அப்பவும் மஞ்சன்னு சொன்னா நான் விலகிக்கிறேன்." எம்மக அதுக்கு மேல. "காட்டிட்டு வந்து வேண்டாம்னு சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். காட்டாமச் சொன்னா நான் கேக்க மாட்டேம்ப்பா. அதுவரைக்கும் எங்கூடப் பேசாதீங்க"ன்னுச்சு.

பதினோரு நாளு தம்பி. சோறு வைக்கும், தண்ணி வைக்கும், போனைச் சார்ஜுல போடும், பேசாது. எம்மக பேசாம நான் ஒரு நாளும் இருந்ததில்ல. அதான் தாங்க முடியல. கண்ணுல கத்தி வச்சதுகூட எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. அந்தப் பதினோரு நாளுதான் வலிச்சுது.

அதுக்காகத்தான் வந்தேன், எங்கண்ணுல கோளாறுன்னு இல்ல. கூட வந்த ஆளு மூணு நாளா ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கெடந்து, மணிக்கு மணி சொட்டு விட்டு, இட்லியைப் பிட்டுக் குடுத்துன்னு, அது ஒரு தனி மனுசன். அதை விடுங்க. விசயத்துக்கு வாறேன். பதில் சொல்லணும். ஆஸ்பத்திரியில சேரும்போது வாங்கி வச்ச போனை இன்னைக்குக் காலையிலதான் திருப்பிக் குடுத்தாக, இன்னும் திறந்துகூடப் பாக்கல. பயமா இருக்கு, வேற ஒண்ணுமில்ல. நீங்க பக்கத்துல இருக்கீகள்ல, ஒரு சாட்சியா இருங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு வலது கண்ணால பாக்கேன். மஞ்சன்னா மஞ்சதான், யாரு அழுதாலும் சரி.

இந்தா இருக்கான். இருங்க, வெளிச்சம் அணைஞ்சு போச்சு. இந்தா.

இல்லையே.

மஞ்ச இல்லையே தம்பி. நல்ல கறுப்புப் பையன். பல்லு வெள்ளை. முழி வெள்ளை. சட்டைகூட இளம் ரோஸு, நான் செங்கல் கலருன்னுல்ல நெனச்சிருந்தேன். நீங்க பாருங்க. உங்களுக்கும் அப்படித்தான தெரியுது? அப்ப பாத்தீகளா, இவுக வேலையை. போனு மூணு நாளா ஆஸ்பத்திரியில இருந்துச்சு. பெரிய பெரிய மெசினெல்லாம் வச்சிருக்காக. எவனோ கையோட இதையும் ரிப்பேர் பண்ணிட்டான். எங்கண்ணுல ஒண்ணுமில்ல, போன்லதான் இருந்திருக்கு. நான் அப்பவே சொன்னேன்.

ஏன் தம்பி கீழ பாக்கீங்க? என்ன பாக்கீங்க?

வேட்டியா?

இது என் வேட்டியா?

ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாகளோ. இல்ல, செண்பகம் கரையில போட்ட முடிச்சு இருக்கு. எங்க வேட்டிதான். தம்பி, இது என்ன நீலம். மயில் கழுத்துக்கு இந்த நீலம் வராதேன்னு நான் எத்தனை நாளு மெசின்காரனைத் திட்டியிருக்கேன். இதைக் கட்டிக்கிட்டா நான் பஜார்ல நடந்தேன்? மொதலாளி ரூமுல போயி, பேப்பர் மஞ்சளா இருக்குன்னு சத்தம் போட்டேனே, இதைக் கட்டிக்கிட்டா போட்டேன்? நீங்க வண்டியில ஏறும்போதே பாத்தீகள்ல. ஏன் சொல்லல?

ஆமா. அந்தப் பையன் சொன்னான். அவன் ஒருத்தன்தான் சொன்னான்.

அப்ப அந்த மகாலட்சுமி.

தம்பி, வர்ற ஒண்ணாந்தேதி இருபதாயிரம் வீட்ல அவளை ஆணி அடிச்சு மாட்டுவாக. காலையில எந்திரிச்சதும் அவ முகத்துல முழிப்பாக. ஒரு வருஷம் பூரா முழிப்பாக. மண்டிக்காரரு சரியாத்தான் கேட்டிருக்காரு. நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். எங்கையால ஓகே போட்டேன் தம்பி. கூச்சமா இருக்கு. உங்க மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருக்கு. ஒரு வருஷத்துக்கு நான் எந்த வீட்டுக்குள்ளயும் போக மாட்டேன்.

அன்னைக்குத் தாளைத் தூக்கிப் பாத்துட்டு மொதலாளி என்னையப் பாத்தாரே. அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். சொல்ல மனசு வரல அவருக்கு. செண்பகத்துக்கும் வரல. பாட்டில் பாட்டிலா ஊத்துனா, ஒரு வார்த்தை சொல்லல.

அந்தா, படியில ஏறுறாக பாருங்க, கையில மருந்துப் பையும் இளநியும் வச்சுக்கிட்டு. நல்ல கறுப்புல, இளம் ரோஸுச் சட்டை. தெரியுதா? மூணு நாளா தரையில படுத்துக் கெடந்தது அவுகதான். வெயிலுமுத்து மாப்ள. நான் கண்ணாடியைப் போட்டுக்கிறேன், கழட்டுனேன்னு சொல்லிராதீங்க.

தம்பி, இந்தப் போனைக் கொஞ்சம் பிடிங்க, சீக்கிரம். எனக்கு மெசேஜ் அடிக்கத் தெரியாது. சுபான்னு ஒரு பேரு இருக்கும், அவ ஆபீஸ்ல இப்பப் புதுசாக் குடுத்த ஒத்தக் கலர் போனு. பெருசா ஒண்ணும் வேண்டாம். ஓகேன்னு அடிங்க. கீழ எஸ்.பி.ன்னு போடுங்க. அவளுக்குப் புரியும்.

அடிச்சிட்டீங்களா? அனுப்பும்போது ஒரு கடுதாசி உறை பறந்து போகும் பாருங்க, அதுல அது ஒண்ணுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பறக்குதா? என்ன கலருல பறக்குது?

இல்ல, சொல்லாதீங்க. இப்படிக் காட்டுங்க, நானே பாத்துக்கிறேன்.